ஐயாயிரத்து எண்பத்து மூன்று

பெயர் கிடையாது, எண்தான்.
மூலையில் நீல மையில் அச்சடித்து
ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு லாரியில் வந்தது.
பில்லில் ‘கடல் தரம்’ என்று படித்துவிட்டு
லோடுமேன் கேட்டார்: கடல் எந்தப் பக்கம் சார்?
கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல்.
பக்கத்தில் இருப்பது பாலாறு.
இறங்கி ஏறினால் செருப்பில் மணல் ஒட்டும்.

கடலூருக்கு ஒரு ரோந்துப் படகு.
அடிவயிற்றுக்கு ஆறு மில்லி, பக்கங்களுக்கு நாலு.
சூட்டில் நெடுநாள் வைக்காதே என்று தாளில் இருந்தது.
வேலூர்ச் சித்திரையை எழுதியவனுக்குத் தெரியாது.
எதற்கும் இருக்கட்டும் என்று
தகடுகளுக்குத் தார்ப்பாய் கட்டினேன்,
எனக்குக் கட்டிக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருஷம் இரும்போடு பழகியவன்.
இரும்புக்கு வெட்கம் உண்டு;
சூடேறினால் சிவக்கும்,
போதும் என்று கண்ணுக்குச் சொல்லும்.
இது சொல்லாது.
முகம் வெளுப்பாகவே இருக்க
சட்டென்று ஓட்டை.
முதல் வாரம் நான் பாழாக்கியதை
முதலாளி இம்தியாஸ் எடை போட்டார்:
பதினொன்றரைக் கிலோ.
இரும்பாயிருந்தால் முப்பதைத் தாண்டியிருக்கும் பாய் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

நூற்றுக்கு நாலரை மெக்னீசியம்,
கொஞ்சம் மாங்கனீசு,
நகக்கண் அளவு குரோமியம்.
குரோமியம் என்றதும் ஹெல்பர் இன்பராசு நிமிர்ந்தான்.
எங்க கிணத்துத் தண்ணிய மஞ்சளாக்குச்சே, அதுவா?
அதேதான்டா.
வேறு கோலம், வேறு இடம்.

காற்றுப் பட்ட நொடியில்
தனக்குத் தானே தோல் வளர்த்துக்கொள்ளும்.
கீறினால் கீறிய இடத்திலும்.
உப்பை வெளியே நிறுத்துவது அந்தத் தோல்.
எனக்கு எதிரியும் அதுதான்:
அசிட்டோனில் துடைத்து,
இரும்பைத் தொடாத தனி பிரஷ்ஷில் உரித்து,
ஆர்கானால் மூடி,
மறுபடி வளருமுன் பற்றவைக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்பு.
உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோலை
அமுலு உதறுவாள்.
உதிர்ந்தது முழங்கால் உயரம் கிடக்கும்.
கடல் எங்கே என்று கேட்டவருக்கு
இதைக் காட்டியிருக்கலாம்.

ஒருநாள் கேட்டருகே வந்து நின்றாள்.
“இன்னாய்யா, துருவே புடிக்காதாமே இது?
என் வாரி மூணு மாசத்துல
பல்லு பல்லா பூடுது.
ஒண்ணு அடிச்சுக் குடேன்.”

மிஞ்சிய நாலு மில்லித் துண்டை வளைத்தேன்.
பழைய இரும்புக் குழாயில் கைப்பிடி,
நாலு இரும்பு ரிவெட்.
டீ வரும் நேரம்.
காசு வேண்டாம் என்றேன்;
சொல்லும்போது பெருமையாக இருந்தது.

ஆடி கழிந்து கொண்டுவந்தாள்.
தகடு அப்படியே கிடக்கிறது.
ரிவெட்டைச் சுற்றி மட்டும் வெள்ளை மாவு,
மாவுக்கடியில் குழி.
ஒரு குழியில் என் சுண்டுவிரல் போயிற்று.
“கடலுக்கே ஆவுற சாமான்னு சொன்ன?”

சொன்னேன்தான்.
கடலைத் தாங்கும்.
ஈர உப்பில் இரும்போடு கட்டிப்போட்டால்
இரும்பை விட்டுவிட்டு இது கரையும்.
தெரியாதவன் இல்லை நான்.
படகில் போல்ட் போட்ட இடத்திலெல்லாம்
நைலான் வளையம் வைத்தது இதே கை.
படகுக்கு வைத்தேன்.
அமுலுவுக்கு வைக்கவில்லை.

அன்று டீ குடிக்கவில்லை.
அதே தகட்டில் புதுசாக வெட்டி,
அதே இனத்துக் குழாய்,
அதே இனத்துக் கம்பி,
உள்ளும் புறமும் பற்றவைத்துக் கொடுத்தேன்.

புரட்டாசியில் படகு டிரெய்லரில் போனது.
ஆற்காட்டுப் பாலத்தில்
பாதி தூரம் பைக்கில் பின்னால் போனேன்.
கீழே நாணலும் மணலும்.
ஒரு நாய் மட்டும் அண்ணாந்து பார்த்தது.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம்:
“கனமே இல்லய்யா இது.
அள்ளுனனா இல்லியான்னே தெரியல.”